மயிலாப்பூரில் ஒரு பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டைச் சிக்கனமான அடுக்ககமாக மாற்ற முடியுமா?

மாடவீதி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மயிலாப்பூரில் மாடவீதியை ஒட்டிய கிளைத்தெரு ஒன்றில் என் தாத்தா 1930களில் கட்டிய வீடு எங்கள் குடும்பத்தின் கூட்டுச் சொத்தாக இருக்கிறது. இரண்டு கிரவுண்டுக்குச் சற்றுக் கூடுதலான மனை. கிழக்குப் பார்த்த வாசல். தரைத்தளமும் ஒரு மாடியும். நடுவில் முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், பின்கட்டில் கிணறு. சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய செங்கல் சுவர்கள். கீழ்த்தளத்தில் ஒன்றரை அடிக் கனம். மாடித் தளமும் மொட்டை மாடியும் தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அமைத்த 'மெட்ராஸ் டெரஸ்' தளங்கள். அறைகளின் உயரம் பதின்மூன்று அடிக்குக் குறையாது.

பெரியப்பா, அத்தை, என் தந்தை, சித்தப்பா ஆகிய நால்வருக்கும் இதில் பங்கு உண்டு. கட்டுநர் ஒருவர் வீட்டை முழுவதும் இடித்துவிட்டு, கீழே வாகன நிறுத்தத்துடன் நான்கு மாடி அடுக்ககம் கட்டி, அதில் பாதியை எங்களுக்குத் தருவதாகச் சொல்கிறார். இடிக்க மனமில்லாதவர்களும் பணத்தேவை உள்ளவர்களும் ஒரே குடும்பத்தில் இருப்பதால், கட்டடத்தை வைத்துக்கொண்டே ஆறு அல்லது எட்டுக் குடியிருப்புகளாகப் பிரித்து, நான்கைப் பங்காளிகள் வைத்துக்கொண்டு மற்றவற்றை வாடகைக்கு விடலாமா என்று இப்போது யோசிக்கிறோம். அப்படிச் செய்தால் மின்செலவும் தண்ணீர்ச் செலவும் குறைவாக இருக்கும்படி, சுற்றுச்சூழலுக்கு ஏற்ற முறையில் செய்ய வேண்டும் என்பது இளைய தலைமுறையின் விருப்பம்.

பழைய வீடு இயல்பாகவே குளிர்ச்சியானது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் மே மாதத்தில் எங்கள் மாடியறையில் இரவு பதினொரு மணிக்கும் படுக்க முடிவதில்லை. தெற்குச் சுவரின் அடிப்பகுதியில் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. மாடியறையின் கூரையில் ஓரிரு இடங்களில் மழைநீர்க் கறை தெரிகிறது. இந்த நிலையில் உள்ள கட்டடத்தை அடுக்ககமாக்குவது பொறியியல்படி சரிதானா? சரி என்றால், முதல் பணம் எதில் இறங்க வேண்டும்: சூரிய மின்தகடுகளிலா, சன்னல்களிலா, கூரையிலா?

சுண்ணாம்புச் சாந்து:

நான் கட்டடப் பொறியாளன். என் வேலை பெரும்பாலும் சுண்ணாம்புக் கட்டடங்களில்தான். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் குறிப்பிட்ட மூன்றிலும் இல்லை. முதல் பணம் கட்டடத்துக்குள் புகுந்திருக்கும் தண்ணீரை வெளியேற்றுவதில் இறங்க வேண்டும். ஈரமான சுவரும் ஈரமான தளமும் வெப்பத்தை எளிதில் கடத்தும், மரத்தை அரிக்கும், எந்தப் பூச்சையும் நிற்க விடாது. அதைச் சரிசெய்யாமல் மேலே செய்யும் எந்தச் செலவும் சில ஆண்டுகளில் திரும்பச் செய்ய வேண்டிய செலவாகவே முடியும்.

மெட்ராஸ் டெரஸ் அமைந்த விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். தேக்குச் சட்டங்களை நெருக்கமாக வைத்து, தளக்கல் எனப்படும் மெல்லிய செங்கற்களை விளிம்பில் நிறுத்திச் சட்டங்களுக்குக் குறுக்குமூலையாகச் சுண்ணாம்பில் ஒட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவையைக் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்தபடி மரக்கட்டைகளால் நாட்கணக்கில் அடித்து இறுக்கி, இறுதியாகத் 'தட்டோடு' எனப்படும் தட்டையான ஓட்டைப் பதிப்பார்கள். நன்றாகச் செய்த தளம் எண்பது தொண்ணூறு ஆண்டுகள் தாங்குவதில் வியப்பில்லை. அதற்குப் பலவீனமான இடம் ஒன்று உண்டென்றால், சுவருக்குள் செருகியிருக்கும் சட்டத்தின் முனைதான். மொட்டை மாடியின் வாட்டம் (நீர் வடிவதற்கான சரிவு) கெட்டு, கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் நீர் தேங்கினால், அது சுவர் வழியே இறங்கி முனையைத்தான் முதலில் தொடும். அறையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் சட்டம் பளபளப்பாகத் தெரியும். சுவருக்குள் மறைந்த அரை அடி பொடிந்து போயிருக்கும். ஆகவே, கறை தெரியும் அறைகளில் மட்டுமல்லாமல் எல்லா அறைகளிலும் சட்ட முனைகளைச் சுற்றியுள்ள பூச்சைச் சிறிது எடுத்து, கூரிய கருவியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். முனை மட்டும் கெட்டிருந்தால் இருபுறமும் எஃகுப் பட்டை வைத்து முடுக்கிக் காப்பாற்றலாம். முழுதும் கெட்டதை மாற்றப் பழைய தேக்குச் சட்டங்களே இடிப்புப் பொருள் கடைகளில் கிடைக்கின்றன. புதிய மரத்தைவிட அவை பெரும்பாலும் தரமானவை.

மொட்டை மாடியில் ஒழுக்கு என்றதும் பளபளப்பான ரசாயனப் பூச்சை அடித்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். மேற்பரப்பை அடைத்துவிட்டு உள்ளே இருக்கும் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் செய்வதால், அந்த ஈரம் கீழே மரத்தை நோக்கித்தான் நகரும். தட்டோட்டை எடுத்து, சுண்ணாம்புக் கலவையில் வாட்டத்தைத் திருத்தி, மீண்டும் தட்டோடு பதிப்பதே தக்க முறை.

தெற்குச் சுவரின் ஓதத்துக்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். வீட்டைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் போட்டிருக்கிறார்களா, சுவரின் அடியில் சிமெண்டுப் பூச்சு பூசியிருக்கிறார்களா என்று பாருங்கள். தெருவை ஒவ்வொரு முறையும் பெயர்க்காமலே மேலே தார் போட்டு உயர்த்தியதில், ஒரு காலத்தில் மூன்று படி ஏறி நுழைந்த வீடுகளில் இன்று ஒரு படிதான் மிஞ்சியிருக்கிறது. மழைநீர் இயல்பாகவே உங்கள் சுவரை நோக்கி வரும். சுவர் உறிஞ்சிய நீர் சுண்ணாம்புப் பூச்சின் வழியே ஆவியாகிவிடும். சிமெண்டுப் பூச்சு அதைத் தடுப்பதால் நீர் மேலும் மேலே ஏறி, உப்பைப் பூக்க வைத்துப் பூச்சை உதிர்க்கிறது. சிமெண்டை ஓதக் கோட்டுக்கு மேல் இரண்டு மூன்று அடி வரை கொத்தி எடுத்து, சுவர் ஓரமாக வடிகால் அமைத்து, ஒரு கோடை முழுவதும் காய விட்டு, பிறகு சுண்ணாம்பில் பூசுங்கள். சுண்ணாம்பு வேலைக்கு இன்று ஆள் இல்லை என்று யாராவது சொன்னால், சேப்பாக்கத்துக் கலச மஹாலை அவர்களுக்குக் காட்டுங்கள். 2012 ஜனவரித் தீவிபத்தில் பெருஞ்சேதமடைந்த அந்தக் கட்டடம் மீட்டெடுக்கப்பட்டு, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது.

இனி அடுக்ககத்துக்கு வருகிறேன். உங்கள் திட்டத்தில் எனக்கு அச்சம் தருவது குடியிருப்புகளின் எண்ணிக்கையைவிடக் கழிப்பறைகளின் எண்ணிக்கைதான். எட்டு வீடு என்றால் குறைந்தது எட்டுக் குளியலறை, எட்டுச் சமையலறை. மரச்சட்டத் தளத்தின் மேல் குளியலறை அமைத்தால் ஒரு குழாய் மூட்டு கசிந்தாலே போதும், யாருக்கும் தெரியாமல் சட்டம் அழுகிவிடும். சுமையும் கவலைக்குரியது: குடியிருப்பு அறைக்கு நம் தரநிலை கணக்கில் கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ; ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியோ ஒரு டன். எனவே குளியலறைகள், சமையலறைகள், தண்ணீர்த் தொட்டிகள், படிக்கட்டு ஆகிய அனைத்தையும் பின்கட்டில் தனி அடித்தளத்தில் நிற்கும் ஒரு புதிய சட்டகக் கட்டடத்துக்கு (தூண்களும் உத்திரங்களும் சுமை தாங்கும் கட்டடம்) கொண்டுபோய்விடுங்கள். பழைய வீட்டில் கூடமும் படுக்கையறைகளும் மட்டும் இருக்கட்டும். புதியதற்கும் பழையதற்கும் இடையே பிணைப்பு இல்லாமல் சிறிய இடைவெளி விட வேண்டும். புதிய அடித்தளம் சிறிது அமரும், அது பழைய சுவரை இழுத்து விரிசல் விடச் செய்யக் கூடாது.

தென்றல்:

மேலே உள்ள பதிலோடு முழுவதும் உடன்படுகிறேன். நான் வெப்பத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

"பழைய வீடு குளிர்ச்சியானது" என்பது பாதி உண்மை. கனத்த சுவரும் கனத்த தளமும் வெயிலை நிறுத்துவதில்லை, தாமதப்படுத்துகின்றன. பகல் ஒரு மணிக்கு மொட்டை மாடியில் விழுந்த வெயில் இரவில்தான் உங்கள் அறைக்குள் இறங்குகிறது. பகலில் வகுப்பறையாகவோ அலுவலகமாகவோ பயன்படும் கட்டடத்துக்கு அது வரம். இரவில் தூங்குகிற வீட்டின் மாடிக்கு அது சாபம். உங்கள் பதினொரு மணிப் புழுக்கத்துக்கு இதுவே காரணம். இந்திய அரசு 2018இல் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்பு எரிசக்தி நெறிமுறை, கூரையின் வெப்பக் கடத்துதிறன் சதுர மீட்டருக்கு, ஒரு பாகை வேறுபாட்டுக்கு 1.2 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் தளத்துக்கு இது 3க்கு மேல் இருக்கும். மெட்ராஸ் டெரஸ் அதைவிட மேலானது என்றாலும், தோராயமாக 2 என்ற அளவில்தான் நிற்கும். அந்த நெறிமுறை புதிய கட்டடங்களுக்காக எழுதப்பட்டது. ஆயினும் பழைய வீட்டைத் திருத்துகிறவர் எட்ட வேண்டிய இலக்காக அதைக் கொள்வதில் தவறில்லை.

இலக்கை எட்ட, தளத்தின் அடியில் காப்புப் பலகை ஒட்டிப் பொய்க்கூரை போடாதீர்கள். சட்டங்கள் கண்ணில் படாமல் போனால் கரையான் வந்தாலும் ஒழுக்கு வந்தாலும் தெரியாது; பதின்மூன்று அடி உயரமும் வீணாகும். வெயிலைத் தளத்தில் விழாமல் தடுப்பதே மேல். சுவர்களின் மேல் தாங்கும் இலேசான எஃகுச் சட்டகத்தை ஆள் உயரத்துக்கு எழுப்பி, அதன்மேல் சூரிய மின்தகடுகளைப் பரப்பினால், தகடு மின்சாரமும் தரும், நிழலும் தரும். இடையே காற்று ஓடும். தகடு போர்த்தாத பகுதிக்கு வெள்ளை ஓடு அல்லது ஆண்டுதோறும் கோடைக்கு முன் அடிக்கும் சுண்ணாம்பு வெள்ளை போதும். தூசு படிந்தால் வெள்ளையின் பயன் குறையும் என்பதால் ஆண்டுதோறும் என்ற சொல்லைக் கவனியுங்கள்.

சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஆகவே வடக்குச் சுவருக்கும் கோடையில் சிறிது வெயில் உண்டு. ஆனால் அதையும் தெற்கு வெயிலையும் சன்னலுக்கு மேல் நீட்டிய சிறு மறைப்பே தடுத்துவிடும். கொடுமையானது மேற்கு வெயில். அது தாழ்ந்து வருவதால் மேல்மறைப்புக்கு அடங்காது. உங்கள் வாசல் கிழக்கு என்றால் பின்கட்டு மேற்கு. மேலே சொன்ன குளியலறைக் கட்டடம் அங்கே எழும்பினால், படுக்கையறைகளுக்கு விழ வேண்டிய மாலை வெயிலை அது வாங்கிக்கொள்ளும். பொறியாளர் ஈரத்துக்காகச் சொன்ன யோசனை வெப்பத்துக்கும் பொருந்துகிறது.

இப்போது எண்ணிக்கை. ஆறா எட்டா என்று நீங்கள் எடுக்கும் முடிவுதான் இந்த வீட்டின் மின்செலவை நிர்ணயிக்கப் போகிறது. சூரிய மின்தகடுகளும் மின்சாதனங்களின் நட்சத்திரக் குறியீடும் அதற்குப் பிறகுதான். இந்த வீடு பிழைத்திருப்பது கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று கூடத்தின் வழியே நுழைந்து முற்றத்தின் வழியே மேலேறிப் போவதால். எட்டாகப் பிரித்தால் பல வீடுகளுக்கு ஒரு பக்கத்துச் சன்னல் மட்டுமே கிடைக்கும். தாழ்வாரம் பொது நடைவழியாகும். அந்தரங்கத்துக்காக எல்லோரும் முற்றத்துப் பக்கச் சன்னல்களை அடைப்பார்கள். பிறகு அறைக்கொரு குளிர்சாதனம் வரும். தளத்துக்கு இரண்டு வீதம் வடபாதி, தென்பாதி என்று நான்காகப் பிரித்தால், ஒவ்வொரு வீடும் தெருவையும் முற்றத்தையும் தொடும். முற்றத்தின் மேல் கண்ணாடி இழைத் தகடோ பாலிகார்பனேட்டோ போட்டு மூடுவது சென்னையில் ஒரு வழக்கமாகிவிட்டது; மூடிய முற்றம் உலைதான். மழைச்சாரலுக்கு அஞ்சினால், நான்கு பக்கமும் திறந்திருக்கும்படி உயர்த்திய சிறு கூரை போடுங்கள். பாதுகாப்புக்குக் கம்பிவலை போதும்.

குளிர்சாதனமே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு ஓர் அறையை மட்டும், இடுக்குகளை அடைத்துக் கதவு சன்னல் நன்றாகப் பொருந்தும்படி செய்து, அதற்கென்று ஒதுக்குங்கள். மற்ற அறைகளில் சாய்ந்த மரப்பட்டைகள் வைத்த பழைய சன்னல் கதவுகளைச் செப்பனிட்டு அப்படியே வைத்திருங்கள். வெயிலை வெளியிலேயே நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே விடும் அந்தக் கதவுகளைக் கழற்றி விற்றுவிட்டு நகரும் கண்ணாடிச் சன்னல் வைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையே மிஞ்சுகிறது.

நான்காம் மாடி:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தையும் பதிவு செய்கிறேன். 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சென்னை நிலநடுக்க வரைபடத்தின் இரண்டாம் மண்டலத்திலிருந்து, அபாயம் கூடுதலான மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய, சுவர்களைச் சுற்றிப் பிணைக்கும் கட்டுப்பட்டைகள் இல்லாத செங்கல் சுவர்கள் பக்கவாட்டு அசைவுக்குப் பலவீனமானவை. சுவர்களில் குறுக்குமூலையாக விரிசல் இருந்தால், அல்லது மூலைகளில் சுவர்கள் பிரிந்திருந்தால், பாசத்தைக் காரணம் காட்டி அதில் நான்கு குடும்பங்களைக் குடிவைப்பது பொறுப்பான செயல் ஆகாது.

பணக் கணக்கும் இருக்கிறது. மயிலாப்பூரில் நிலத்தின் விலை கட்டடத்தின் விலையைவிடப் பன்மடங்கு. நான்கு வீடு மட்டும் என்றால் வாடகை வருமானமே இல்லை. பணத்தேவை உள்ள பங்காளியிடம் காற்றோட்டத்தைப் பற்றிப் பேசினால் அவர் என்ன செய்வார்? கவனமாக வடிவமைத்த புதிய அடுக்ககமும் குறைந்த மின்சாரத்தில் இயங்கும். இன்றைய கட்டுநர்கள் அப்படி வடிவமைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

புதுவைக்காரர், பாரிஸ்:

இடிக்காமல் மாற்றுவது பற்றி இங்கே பிரான்சில் நடந்ததைச் சொல்ல விரும்புகிறேன். பாரிஸின் பதினேழாம் வட்டாரத்தில் 1960களின் தொடக்கத்தில் எழுந்த 'புவா லெ பிரேத்ர்' என்ற குடியிருப்புக் கோபுரத்தை இடிக்கும் பேச்சு எழுந்தபோது, லக்காத்தோன், வசால் ஆகிய இரு கட்டடக் கலைஞர்கள் துருவோ என்பவருடன் சேர்ந்து வேறு வழி காட்டினார்கள். பழைய முகப்பை அகற்றி, ஒவ்வொரு வீட்டுக்கும் வெளியே தனியாக நிற்கும் புதிய அடுக்கு ஒன்றைச் சேர்த்து, அதில் கண்ணாடி அடைப்புள்ள ஒரு கூடுதல் அறையும் மாடமும் வரும்படி செய்தார்கள். 2011இல் வேலை முடிந்தது. வீடுகளும் பெரிதாயின, குளிர்காலத்தில் சூடேற்றும் செலவும் பெருமளவு குறைந்தது. இதே முறையை போர்தோ நகரின் 'கிராண்ட் பார்க்' குடியிருப்பில் 530 வீடுகளுக்குச் செய்தபோது குடியிருந்தவர்கள் வீட்டை விட்டு வெளியேறவே இல்லை. அந்த வேலைக்கு 2019ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கட்டடக்கலை விருதான மீஸ் வான் டெர் ரோஹே விருதும், லக்காத்தோன், வசால் இருவருக்கும் 2021இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசும் கிடைத்தன. பின்கட்டில் தனியாக நிற்கும் புதிய கட்டடம் என்ற யோசனையைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

ஊர்ப்பக்கத்திலேயே பார்க்க வேண்டுமென்றால், புதுச்சேரியின் வைசியாள் வீதிக்குப் போய் வாருங்கள். அங்கே தமிழ் வீடுகளின் முகப்புகளைத் தெரு முழுவதுமாகச் சீர்படுத்தியதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது 2008இல் வழங்கப்பட்டது.

தென்றல்:

பாரிஸ் நண்பருக்கு நன்றி. ஒரே ஓர் எச்சரிக்கை. அங்கே கண்ணாடி அறை குளிர்கால வெயிலைப் பிடித்து வைக்கிறது. அதை மயிலாப்பூரில் கட்டினால் அப்பளம் காய வைக்கத்தான் உதவும். நமக்கு அதன் எதிர்ப்பக்கம் வேண்டும்: வெளியே சேர்க்கும் அடுக்கு கண்ணாடியில்லாத தாழ்வாரமாக, நிழலாக இருக்க வேண்டும். பழைய கட்டடத்தின் மேல் சுமை ஏற்றாமல், தன் காலில் நிற்கும் அடுக்கைப் பக்கத்தில் சேர்ப்பது என்ற கட்டுமான முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

'நான்காம் மாடி' நண்பர் சொன்ன பணக் கணக்குக்கும் ஒரு பதில் உண்டு. பின்கட்டுக் கட்டடம் புதிய சட்டகம் என்பதால் அது பழைய வீட்டின் உயரத்தோடு நிற்க வேண்டியதில்லை. விதிகள் இடம் கொடுத்தால், கீழ் இரு தளங்கள் பழைய வீடுகளுக்கான ஈரப்பகுதியாகவும் (குளியலறை, சமையலறை), மேலே இரண்டு சிறிய வாடகை வீடுகளாகவும் அமையலாம். புதிய சுவர்களுக்குக் காற்றூட்டிய இலேசான கான்கிரீட் கட்டிகளைப் பயன்படுத்துங்கள். செங்கல்லின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். வெப்பத்தையும் நன்றாகத் தடுக்கும்.

மாடவீதி:

இவ்வளவு விரிவான பதில்களை நான் எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். தெற்குப் பக்கம் முழுவதும் சிமெண்டுத் தளமும், சுவரில் இடுப்பளவு சிமெண்டுப் பூச்சும் இருக்கின்றன. முற்றத்துக்கு மேல் பச்சை நிறத் தகடு போட்டிருக்கிறோம். சுவர்களில் மூலை விரிசல் கண்ணுக்குத் தெரியவில்லை. கிணற்றுப் பக்கச் சுவரில் மட்டும் மயிரிழை அளவு ஒன்று இருக்கிறது.

நான்கு பெரிய வீடுகளும் பின்னால் இரண்டு சிறிய வீடுகளும் என்ற யோசனை எல்லாப் பங்காளிகளுக்கும் ஏற்கும் போலிருக்கிறது. இரண்டு கேள்விகள் எஞ்சுகின்றன. அத்தைக்கு முழங்கால் வலி. மின்தூக்கி கட்டாயம் வேண்டும் என்கிறார். மின்சாரக் கணக்கில் அது எப்படி அமையும்? அனுமதிக்கு எங்கிருந்து தொடங்க வேண்டும்?

மின்கணக்கு:

மின்சாரக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பத்து அல்லது அதற்குக் குறைவான வீடுகளும் மூன்று அல்லது அதற்குக் குறைவான தளங்களும் கொண்ட, மின்தூக்கி இல்லாத அடுக்ககங்களின் பொதுப் பயன்பாட்டுக் கட்டணம் 2023இல் அலகுக்கு 8 ரூபாயிலிருந்து 5.50 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. கட்டண விகிதங்கள் அதன்பின் மாறியிருக்கின்றன. என்றாலும் மின்தூக்கி வைத்தால் அந்தச் சலுகைப் பிரிவிலிருந்து வெளியேறுகிறீர்கள் என்பதை மனத்தில் வையுங்கள். பின்கட்டில் மூன்றாவது தளத்துக்கு மேல் போனாலும் அப்படியே. மின்தூக்கி தானாக உண்ணும் மின்சாரம் இவ்வளவு சிறிய கட்டடத்தில் பெரிதல்ல. பராமரிப்பு ஒப்பந்தமும் இந்தக் கட்டண வேறுபாடும்தான் ஆண்டுதோறும் கடிக்கும். அத்தைக்குக் கீழ்வீட்டை எழுதி வைத்துவிட்டு, பின்கட்டில் மின்தூக்கிக்கான குழியையும் இடத்தையும் மட்டும் விட்டுவைத்தால், தேவை வரும்போது பொருத்திக்கொள்ளலாம்.

மின்விசிறிகளை மாற்றுவது இந்த முழுத் திட்டத்திலேயே மலிவான, உடனே பலன் தரும் செலவு. பழைய விசிறி 75 வாட் அளவில் இழுக்கும். பிஎல்டிசி எனப்படும் தூரிகையில்லா மோட்டார் வைத்த விசிறி 30 வாட் அளவில் நிற்கும். ஆறு வீடுகளிலும் சேர்த்து 25 விசிறிகள், நாளுக்குப் பத்து மணி நேரம் என்று வைத்தாலும், இரு மாதக் கணக்கில் 675 அலகுகள் மிச்சம். உயரமான கூரை என்பதால் நீண்ட தண்டு வைத்து, தரையிலிருந்து எட்டு ஒன்பது அடியில் இறக்கை வரும்படி தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் காற்று மேலேயே சுற்றும்.

சூரிய மின்சாரத்தில் ஒரு கிலோவாட் தகடு நம் ஊரில் சராசரியாக நாளுக்கு நான்கு அலகு தரும். அதற்கு ஏறத்தாழ நூறு சதுர அடி இடம் வேண்டும். 2024இல் தொடங்கிய மத்திய அரசின் வீட்டுக்கூரை சூரிய மின்திட்டத்தில், தனி வீட்டு இணைப்புக்கு முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000 ரூபாயும் மானியம் உண்டு. குடியிருப்போர் சங்கத்தின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். மொட்டை மாடியை யாருக்கு எவ்வளவு என்று பாகப்பத்திரத்திலேயே எழுதாவிட்டால் தகடு வைக்கும் நாளில் சண்டை வரும். தகட்டுச் சட்டகத்தை மெட்ராஸ் டெரஸில் துளையிட்டுப் பொருத்த அனுமதிக்காதீர்கள். புயல் காற்று தகட்டை மேல்நோக்கிப் பிடுங்கும்போது சுண்ணாம்புத் தளம் அந்த ஆணியைப் பிடித்து நிறுத்தாது.

சுண்ணாம்புச் சாந்து:

அனுமதி பற்றி. முதலில், கட்டடம் மரபுப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2010இல் அளித்த தீர்ப்பில் நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த பட்டியலின் 467 கட்டடங்கள் இடம்பெற்றன; அதில் இருந்தால் மாற்றங்களுக்குப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் மரபுப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பட்டியலில் இல்லாவிட்டாலும், ஒரு குடும்ப வீட்டைப் பல குடியிருப்புகளாக்குவதற்கும் பின்கட்டில் புதிதாகக் கட்டுவதற்கும் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி அனுமதி பெற வேண்டும். உங்கள் மனையில் இடிக்காத வீட்டுக்குத் தடையாக நிற்கப் போவது பெரும்பாலும் வாகன நிறுத்த இடமும் பக்க இடைவெளியும்தான். எத்தனை வீடு என்ற முடிவை அந்தக் கணக்குக்குப் பிறகு எடுங்கள்.

கிணற்றுப் பக்கத்து மயிரிழை விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டுகளை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தபின் கண்ணாடி உடையாமல் இருந்தால் விரிசல் பழையது, உறங்குவது; உடைந்தால் அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்த பிறகே மேற்கொண்டு பேச வேண்டும். நான்காம் மாடி சொன்ன நிலநடுக்கக் கவலை நியாயமானது. தளமட்டத்தில் சுவர்களை எஃகு இழுகம்பிகளால் ஒன்றோடொன்று கட்டுவது சட்ட முனைகளைத் திருத்தும்போதே செய்யக்கூடிய வேலை. பிறகு தனியாகச் செய்தால் பூச்சை இரண்டு முறை உடைக்க நேரும்.

கிணற்றை மூடிவிடாதீர்கள். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். மயிலாப்பூரின் மணற்பாங்கான மண்ணில் மொட்டை மாடி நீரை வடிகட்டிக் கிணற்றில் விடுவதைவிட எளிய ஏற்பாடு வேறில்லை. கிணற்று ஓரமாகப் பின்கட்டு அடித்தளம் வருவதால், கிணற்று உறையிலிருந்து எவ்வளவு தள்ளித் தோண்டுவது என்பதை மண் பரிசோதனைக்குப் பிறகே முடிவு செய்யுங்கள்.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. முற்றத்தின் மேலுள்ள பச்சைத் தகட்டைக் கழற்றிவிடுங்கள். சிமெண்டைக் கொத்தி எடுப்பதை ஜனவரிக்குத் தள்ளி வையுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் சுவர் காய்வதற்கு ஆறு ஏழு மாதங்கள் முழுதாகக் கிடைக்கும். அதற்குள் கட்டடத்தை முழுமையாக அளந்து, ஒவ்வொரு சட்டத்துக்கும் எண் கொடுத்து வரைபடம் போட்டு வைத்தால், அனுமதிக்கும் ஒப்பந்தக்காரரிடம் விலை கேட்பதற்கும் அதே வரைபடம் பயன்படும்.